நாற்பத்தொன்றாம் நம்பர் படம்

என்னை ஏமாற்றியவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆள் போய் ஒரு வருஷம் ஆகிறது. என் கோபம் போகவில்லை. அவன் பேச்சு வந்தால் எல்லாரும் ‘பாவம், நல்ல மனுஷன்’ என்கிறார்கள். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல மனுஷன் ஏழு வருஷம் என் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, வாய் கூசாமல் பொய் வாசித்தான். அதில் ஒரு பொய்யை நம்பித்தான் என் கூடப் பிறந்த தம்பியைப் பார்க்கப் போகாமல் இருந்தேன். தம்பி செத்துப்போனான். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இப்படி நாலு வரியில் சொன்னால் யாருக்கும் விளங்காது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அவன் ஒரு கல்லூரியில் அட்டெண்டர். மணி அடிப்பது, ஃபைல் தூக்குவது, முதல்வர் அறையில் தண்ணீர் வைப்பது. இதோடு இன்னொரு வேலையும் அவன் தலையில் விழுந்தது. பிள்ளைகள் அங்கே ஒரு திரைப்பட மன்றம் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு தேசத்துப் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். புரொஜெக்டரைத் தூக்கி வருவது, திரை கட்டுவது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டுவது எல்லாம் இவன். இருபத்திரண்டு வருஷம். பிள்ளைகள் இவனுக்கு ‘டைரக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். இவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

சட்டை எப்போதும் இஸ்திரி போட்டது. பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. கக்கத்தில் முதல்வர் படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பர். பஸ்ஸில் அதை விரித்துக்கொண்டு உட்காருவான். ஒரே பக்கத்தை நாலு நிறுத்தம் வரைக்கும் பார்ப்பான். எவ்வளவு ஊன்றிப் படிக்கிறான் என்று நானும் வாயைப் பிளந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இங்கிலீஷில் லிஃப்டுக்குள் எழுதியிருக்கும் பத்துப் பன்னிரண்டு வார்த்தை தெரியும். மற்றதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ஒருநாள் அவன் கல்லூரி லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவனும் புரொஜெக்டரும்.

“பயப்படாதீங்க, பத்து நிமிஷம்” என்று கதவு இடுக்கில் கத்தினேன்.

“எனக்கென்ன பயம்? வெளிய நிக்கறவனுக்குத்தான் பயம். இதே மாதிரி மாட்டிக்கிட்டவன் கதை ஒரு படத்துல வருது, கேக்கறியா?”

கேட்டேன். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகிவிட்டது. ரிப்பேர் முடிந்த பிறகும் ஸ்விட்சைப் போடாமல் நின்றேன்.

“முடிவு என்னாச்சுன்னு சொல்லு. அப்பத்தான் இறக்குவேன்.”

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. முடிவைச் சொன்னான். அருமையான முடிவு. அதுவாவது அந்தப் படத்தில் இருந்ததா, இல்லை அதுவும் இவன் கைச்சரக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நான் அவனுக்கு ‘லிஃப்டு’. அவன் எனக்கு ‘டைரக்டர்’.

கொஞ்ச நாளில் பிள்ளைகள் எல்லாரும் கைப்போனிலேயே படம் பார்க்க ஆரம்பித்தார்கள். மன்றத்தை மூடிவிட்டு அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். டிவிடிகளைக் குப்பைக்கு அனுப்ப இருந்தபோது இவன் முதல்வரிடம் கேட்டு இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். கூடவே ஒரு பட்டியல். மன்றத்தை ஆரம்பித்த பேராசிரியர் டைப் அடித்தது. உலகத்திலேயே சிறந்த நூறு படம், மனுஷனாகப் பிறந்தவன் பார்த்தே தீர வேண்டியவை என்று. டிவிடிகளின் மேலும் அதே நம்பர்தான் ஒட்டியிருந்தது.

“நூறையும் போட்டவன் நான். ஆனா ஒண்ணையாவது முழுசாப் பாத்ததில்ல. பாதியில எவனாவது கூப்புட்டு, டீ வாங்கிட்டு வான்னுடுவான்” என்றான். “இப்ப உக்காந்து பாக்கப் போறேன். தனியாப் பாத்தா பாதிப் படம்தான் லிஃப்டு. பக்கத்துல ஒரு ஆள் வேணும்.”

அந்த ஆள் நான். மாதத்தின் முதல் ஞாயிறு, மத்தியானம் இரண்டரை மணி, அவன் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவன், புருஷனை இழந்த அக்காவோடு மாடியில் இரண்டு அறையில் இருந்தான். ஜன்னலுக்கு மன்றத்தின் அதே கறுப்புத் துணி. ஒரு டிவி, ஒரே ஒரு பெஞ்சு. பட்டியல் பிளாஸ்டிக் உறையில் கதவுக்குப் பின்னால் தொங்கும். படம் முடிந்ததும் ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. அப்புறம் அவன் எழுந்து போய்ச் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போடுவான். ஒருவனை விட்டுவிட்டு மற்றவன் பார்க்கக்கூடாது. இதெல்லாம் அவன் போட்ட சட்டம்.

முதல் படத்தில் ஒரு கிழவன் மாட்டுத் தொழுவத்தில் நின்று ஏதோ பேசினான். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. நான் முதல் வார்த்தையைப் பிடிப்பதற்குள் அது ஓடிப்போய்விட்டது.

“என்னடா சொல்றான்?” என்றேன்.

டைரக்டர் கொஞ்சம் தாமதித்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “மழை வரலேன்னா மாட்ட வித்துடலாங்கறான்” என்றான்.

அவ்வளவுதான், அதிலிருந்து அவன்தான் வாசிப்பான். கிழவனுக்குக் கிழவன் குரல், பொம்பளைக்குப் பொம்பளைக் குரல். வாசிக்க வாசிக்க எனக்கு அந்த வெள்ளைக்காரனும் சப்பை மூக்குக்காரனும் எங்கள் தெருக்காரர்கள் ஆகிவிட்டார்கள். திங்கட்கிழமை மோட்டார் அறையில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைக் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வேன். ‘லிஃப்ட்காரன் எவ்வளவு விஷயம் வெச்சிருக்கான் பாரு’ என்பார்கள். எனக்கு மார்பு விரியும். வீட்டில் என் மனைவிதான் நக்கல் அடிப்பாள்: “மாமியார் வீட்டு விருந்துக்குக்கூட இப்படிச் சட்ட மாத்திக்கிட்டு கெளம்பினதில்ல நீங்க.”

இப்போது தம்பி கதைக்கு வருகிறேன்.

தம்பி என்னோடுதான் வேலை பார்த்தான். நான் தொழில் கற்றுக்கொடுத்து வளர்த்தவன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம்: ஒருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்யும்போது, அவன் இரண்டு தடவை குரல் கொடுத்தால்தான் கீழே இருப்பவன் பொத்தானைத் தொடலாம். ஒரு குடியிருப்பில் நான் மேலே நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைதான் குரல் கொடுத்தேன். அவன் அழுத்திவிட்டான். கூண்டு ஏறியது. நான் குப்புற விழுந்து தலையைத் தாழ்த்தியதால் தப்பினேன். கான்கிரீட் உத்தரம் என் முடியை உரசிக்கொண்டு போனது.

இறங்கி வந்தேன். காவலாளி, வீட்டுக்காரர்கள், பால் வாங்க வந்த பெண்கள், அத்தனை பேர் முன்னாலும் அவனை ஓங்கி அறைந்தேன்.

“கொல்லப் பாக்கறியாடா?”

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. “ரெண்டு தடவ கேட்டுச்சுண்ணே” என்றான். அப்புறம், “கொல்லப் பாத்தேன்னு சொல்லிட்ட இல்ல?” என்றான். ஸ்பானரைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே வேறு ஊர்.

இரண்டு வருஷம் பேச்சில்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் எதிரொலி கேட்கும், ஒரு குரல் இரண்டாகக் கேட்டிருக்கலாம் என்று எனக்கே தெரியும். ஆனால் நான் பெரியவன், அவனே வரட்டும் என்று இருந்தேன். என் மனைவிதான் யார் யாரிடமோ விசாரித்து விலாசம் வாங்கினாள். “நீங்க அடிச்சீங்க. நீங்கதான் போகணும். ஒரு தடவ போய் நில்லுங்க, சின்னவரு உருகிடுவாரு” என்று கரைத்தாள். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஞாயிறு மத்தியானம் டைரக்டர் வீட்டுக்குப் போனேன். அன்று நாற்பத்தொன்றாம் நம்பர் படம்.

கறுப்பு வெள்ளைப் படம். உப்பளத்தில் வேலை செய்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். வாய்ச்சண்டை வந்து தம்பி ஊரைவிட்டுப் போய்விடுகிறான். அண்ணன் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து ரோட்டைப் பார்த்து உட்காருகிறான். உட்கார்ந்தே தலை நரைத்துவிடுகிறது. கடைசியில் ரோட்டில் ஒரு பெண் மூட்டையோடு வருகிறாள். அவனிடம் ஐந்து வரி பேசுகிறாள். அவன் மூட்டையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய் அழுகிறான். கதவு திறந்தே கிடக்கிறது. அதையே கொஞ்ச நேரம் காட்டி, படம் முடிந்துவிடுகிறது.

டைரக்டர் வாசித்தான்: “உங்க தம்பி பின்னால வந்துட்டு இருக்காரு. துணிய முன்னாடி குடுத்து அனுப்பினாரு. காலு வலிக்குதாம், மெதுவா வர்றாரு. அண்ணன் எங்கயும் போயிடாம வீட்லயே இருக்கச் சொன்னாரு. குளிக்கத் தண்ணி போட்டு வெக்கச் சொன்னாரு.”

நானும் அழுதேன். ஐந்து நிமிஷச் சட்டத்தை மீறி, “அவன் ஏன்டா அப்படி அழறான்?” என்று கேட்டேன்.

“சந்தோஷத்துல அழறான். கதவ மூடாம விட்டிருக்கான் பாத்தியா? வர்றவனுக்காகத்தான்.”

டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். தம்பி விஷயம் அவனுக்கும் தெரியும். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீ எதுக்குப் போற? நீ போய் நின்னா அவனுக்குத்தான் கூச்சம். அவனே வருவான் லிஃப்டு. நீ கதவத் தொறந்து வை, போதும்” என்றான்.

என் மனசு கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். டிக்கெட்டைக் கிழித்து அவன் வீட்டுக் குப்பைக் கூடையிலேயே போட்டேன்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசல் கதவைச் சாத்தவிட மாட்டேன். கொசு பிடுங்கும். “இந்தக் கதவுக்கு என்ன கேடு? யாரு வர்றா இந்த வீட்டுக்கு?” என்று மனைவி கத்துவாள். ஐந்து மாதம் அப்படித்தான். அப்புறம் ஒரு போன் வந்தது. தம்பி வேலை செய்த இடத்திலிருந்து. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம்.

அப்போதும் எனக்கு டைரக்டர் மேல் ஒன்றும் இல்லை. கேட்டால் கேவலமாக இருக்கும், தம்பி மேல்தான் கோபம். படத்தில் அந்தத் தம்பி வந்தானே, இவனுக்கு என்ன வந்தது என்று செத்தவனைத் திட்டினேன். மூன்றரை வருஷம் திட்டினேன்.

தம்பி போன அந்த மாதமும் நாற்பத்தாறாம் படம் பார்த்தோம். நின்றுவிடவில்லை. எண்பத்தெட்டு வரை போனோம்.

எண்பத்தெட்டு அன்று எங்கள் வீட்டுச் சாவி வாங்க என் மகள் அங்கே வந்தாள். படித்து அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். “உக்காரும்மா, கால் மணியில முடிஞ்சிடும்” என்றான் டைரக்டர். திரையில் ஒருத்தி சாப்பாட்டு மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு புருஷனிடம் ஏதோ சொன்னாள். டைரக்டர் அவள் குரலில், “சீக்கிரம் வாங்க, சாப்பாடு ஆறிடும்” என்றான். மகள் களுக்கென்று சிரித்தாள். அங்கே சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த வரிக்கும் சிரித்தாள். மூன்றாவது வரியில் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

வழியில் கேட்டாள்: “அப்பா, நீங்க ரெண்டு பேரும் வெளயாட்டுக்குத்தானே அப்படி?”

“எப்படி?”

“அந்தம்மா ‘இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்’னு சொல்லுது. பெரியப்பா சாப்பாடு ஆறிடும்ங்கறாரு. ஒரு வரிகூட ஒத்துவரலப்பா.”

எனக்குக் கால் நின்றுவிட்டது. மறுநாள் டைரக்டர் வேலைக்குப் போயிருந்த நேரம் அவன் அக்காவிடம் கேட்டு நாற்பத்தொன்றை வாங்கி வந்தேன். மகளை வாசிக்கச் சொன்னேன். மூட்டையோடு வந்தவள் வாயைத் திறந்தாள். மகள் குரலை மாற்றாமல், சும்மா, பஸ் போர்டை வாசிக்கிற மாதிரி வாசித்தாள்:

“உங்க தம்பி போன குளிர்லயே செத்துட்டாரு. இது அவரு துணி. நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தாரு. அண்ணன் பெரியவன், ஒரு வார்த்தை கூப்புட்டா ஓடிப் போய் நின்னுடுவேன்னாரு. கடைசிவரைக்கும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாரு.”

இன்னொரு தடவை போடச் சொன்னேன். மூன்றாவது தடவை மகள், “வேணாம்ப்பா” என்று அணைத்துவிட்டாள். பரவாயில்லை. அதற்குள் ஐந்து வரியும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். சட்டைகூட மாற்றவில்லை. அவன் கக்கத்திலிருந்த பேப்பரை உருவி அவன் கையிலேயே கொடுத்தேன்.

“படி.”

“என்ன லிஃப்டு?”

“மேல பெருசாப் போட்டிருக்கானே, அத மட்டும் படி.”

பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “கண்ணாடி எடுத்துட்டு வரல” என்றான்.

“கண்ணாடி உன் மூக்குமேல இருக்கு.”

பெஞ்சில் உட்கார்ந்தான். இஸ்திரிச் சட்டை தோளில் தொங்கியது.

“அஞ்சாவதுதான் நானு” என்றான். “மொத நாளு நீ கேட்ட. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டாவது மாசம் எப்படிச் சொல்றது? முகத்தப் பாத்தாத் தெரிஞ்சுடும் லிஃப்டு. இருபத்திரண்டு வருஷம் முகத்தத்தான் பாத்தேன். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.”

“நாப்பத்தொண்ணு?”

அவன் முகம் வெளுத்துப்போனது. “அதுல… சந்தோஷத்துல இல்லையா?”

பையிலிருந்து அந்த டிவிடியை வெளியே எடுத்தேன்.

“அவ என்ன சொன்னா லிஃப்டு? அந்தப் பொம்பள என்ன சொன்னா?”

டிவிடியை அவன் மடியில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன். படியில் அவன் அக்கா நின்றிருந்தாள். “உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன் தம்பி! ரெண்டு பேரும் சேர்ந்து கதை கட்டி வெளயாடறீங்கன்னு இருந்துட்டேன்” என்றாள். இத்தனை நாளும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள். அவளுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

மூன்று வருஷம் அந்தத் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. அங்கே ஒரு குடியிருப்பில் லிஃப்ட் வேலை வந்தபோது வேறு ஆளை அனுப்பினேன். மோட்டார் அறையில் கதை கேட்டால் எரிந்து விழுந்தேன். தம்பியைத் திட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தேன். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் அக்கா போன் பண்ணினாள். நுரையீரல் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். “‘அவன் வருவானான்னு நான் கேக்கல’ங்கறான். ஆனா மத்தியானம் ரெண்டரை ஆனா கதவத் தொறந்து வெக்கச் சொல்றான்” என்றாள்.

மனைவி சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் தயார் பண்ணியிருந்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை அதில். அறையில் அதே கறுப்புத் துணி. கதவுக்குப் பின்னால் பட்டியல், எண்பத்தெட்டு வரை சிவப்பு, அதற்கப்புறம் வெறும் தாள். என்னை விட்டுவிட்டு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. பெஞ்சு இருந்த இடத்தில் கட்டில். ஆள் பாதியாகியிருந்தான், ஆனால் சட்டை இஸ்திரி போட்டது.

“ஆஸ்பத்திரி லிஃப்ட் குலுங்குது” என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. “அதுலயே எனக்குப் பாதி உயிரு போச்சு. போய்ப் பாரு.”

“பாக்கறேன்” என்றேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. தலையணைக்குக் கீழே தடவி ரிமோட்டை எடுத்தான். டிவியில் நாற்பத்தொன்றாம் நம்பர் படம் நின்றுகொண்டிருந்தது. ரோடு, மூட்டையோடு அந்தப் பெண், வாய் இன்னும் திறக்கவில்லை.

“மூணு வருஷமா இந்த எடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாக்கறேன். அவ முகத்துல ஒண்ணும் தெரியல லிஃப்டு. யாரையாவது கூட்டிட்டு வந்து வாசிக்கச் சொல்லட்டுமான்னு அக்கா கேட்டா. வேண்டாம்னுட்டேன்.”

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வேறு உட்கார இடமில்லை.

“உனக்குத் தெரியும்” என்றான்.

தெரியும். ஐந்து வரி.

ரிமோட்டை அழுத்தினான். அந்தப் பெண் மூட்டையை இறக்கி வைத்தாள். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை என் பக்கமாகத் திருப்பினான்.

“இந்தத் தடவ நீ வாசி. எனக்காக ஒண்ணும் மாத்தாத, உள்ளத உள்ளபடி வாசி” என்றான்.